குழாய்க்குள் போன நீலத் துணி

போன வாரம் நம் பிளம்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தான். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டிய புது டைல்ஸ், நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை, பக்கத்தில் அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காத வெஸ்டர்ன் கக்கூஸ் கோப்பை. கீழே ஒரே ஒரு கேள்வி: எதை வைத்து ஒட்டினால் கசியாது? அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒரு பசையின் பெயரைக் கொண்டுவந்து கொட்டிவிட்டீர்கள். ஒருவன் கடைக்கு வழியே சொல்லிவிட்டான். அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு இந்தக் கட்டைவிரல் தட்டிப் பதில் எழுதும் வித்தை வராது. தொழிலை விட்டு ஒதுங்கிய பிறகு பொழுதும் நிறைய இருக்கிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். கோப்பையை எப்படி மாட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதில் பாதியை நீங்களே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல வருவது இரண்டு மனிதர்களைப் பற்றி. ஒருவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் மேஸ்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் செல்வநாயகி என்ற வீட்டுக்காரம்மா. இந்தத் தொழிலில் எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை செய்திருக்கிறேன். அன்று இவர்கள் இரண்டு பேரும் நடந்துகொண்டதைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செல்வநாயகி வீட்டின் முன்பக்கம் முழுக்க பனியன்தான். கம்பெனிகளிலிருந்து தைத்து வரும் உருப்படிகளுக்குப் பிசிறு வெட்டி, ஓட்டை, கறை பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் செக்கிங் வேலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்து செய்வார்கள். சுவரோரம் வெட்டுத் துணி மூட்டைகள் அடுக்கியிருக்கும். பின்பக்கம்தான் குடியிருப்பு. அவருடைய மாமனார் குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்தவர். வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் ஆகி, இனி மகன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. குத்துக்கால் வைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்ததோ பழைய காலத்து இந்தியன் கோப்பை. அதை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும்.

இது சாதாரண வேலை. ஆனால் என்னைக் கூப்பிட வந்தபோது செல்வநாயகி சொன்ன ஒரு விஷயம் அதைச் சாதாரண வேலையாக விடவில்லை.

"ஏனுங்கண்ணா, மாமா ஆஸ்பத்திரில சோறே உண்க மாட்டீங்கறாருங்க. ரெண்டு வாய் வாங்கிட்டுப் போதும்ங்கறாரு. மொதல்ல வலின்னு நெனச்சமுங்க. அப்பறம்தான் தெரிஞ்சுது. சாப்பிட்டா பெட்பேன் வெக்கோணும், அதை நான் எடுக்கோணும். அந்த வெக்கத்துல மனுசன் பட்டினி கெடக்கறாருங்க."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்பேனை எடுப்பதில் தனக்கு ஒரு சங்கடமும் இல்லை, ஆனால் அன்றிலிருந்து மாமனார் தன் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதே இல்லை என்றார்.  நாம் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் பார்த்துப் பார்த்து மரத்துப்போனவர்கள், நம்மையே ஒரு பேச்சு அசைத்துவிடுகிறது பாருங்கள்.

தரையை உடைத்துச் செய்ய நேரம் போதாது என்பதால் பழைய மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று முடிவானது. மேஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் ஒட்டிய தரையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் ஓர் இடத்தில்கூட விளிம்பு தட்டாது. குழாய் வாயைச் சுற்றி அவர் வெட்டியிருந்த வட்டத்தைப் பார்த்து நானே ஒரு நிமிடம் நின்றுவிட்டேன், அவ்வளவு அழகு. ஆனால் புதுத் தரை உயர்ந்ததால் குழாயின் வாய் கீழே போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் இருட்டுத்தான் தெரியும். இதை மனதில் வையுங்கள்.

டைல்ஸ் ஒட்டும்போது கலவை உள்ளே விழாமல் இருக்கக் குழாய் வாயை அடைப்பார்கள் அல்லவா? வேறு ஊரில் சிமெண்ட் மூட்டைச் சாக்கைச் சுருட்டி வைப்பார்கள். நம் ஊரில் எதற்கும் ஒரே மருந்து, பனியன் வேஸ்ட். வண்டி துடைக்க அது, கை துடைக்க அது, ஜன்னல் இடுக்கு அடைக்க அது. மேஸ்திரியும் மூட்டையிலிருந்து ஒரு கை துணியை எடுத்து உருட்டி அடைத்திருந்தார். ஊரோடு ஒத்து வாழ்ந்திருக்கிறார், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பனியன் துணி நெய்த துணி போல விறைப்பாக நிற்காது. தண்ணீர் குடித்தால் கனத்து, நீண்டு, மெல்ல நழுவும்.

நான் கோப்பை மாட்டப் போன அன்று மத்தியானம் மருத்துவமனையிலிருந்து செல்வநாயகியின் கணவர் கூப்பிட்டார். மறுநாள் அனுப்புவதாக இருந்த அப்பாவை அன்றே அனுப்பிவிட்டார்கள், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார். சரி, கோப்பை தயாராக இருக்கிறது, தரை இறுகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் தைரியம் சொன்னேன். குழாய் வாயிலிருந்து அடைப்புத் துணியை உருவி எறிந்தேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். கடகடவென்று போனது. இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் போனது. வெளியே சேம்பரில், அதான் கழிவுக் குழாய் வந்து சேரும் தொட்டியில், விழும் சத்தமும் கேட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இணைப்புத் துண்டை அளவு பார்க்க ஆரம்பித்தேன்.

மேஸ்திரி சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப வந்தவர். நான் எறிந்த துணியைக் குனிந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத் துணியை என்னப்பா இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாய், வீட்டுக்கு வேண்டுமானால் கொண்டுபோ என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இது நான் வச்சது இல்ல அண்ணாச்சி," என்றார். "இது வெள்ளை. நான் வச்சது நீலத் துணில்லா."

தம்பிகளே, அந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். அவர் வேலை முடிந்துவிட்டது. தண்ணீர் போகிறது என்று மூத்த பிளம்பர் நானே சொல்லியாகிவிட்டது. நீலத் துணி என்று ஒன்று இருந்தது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு படி இறங்கியிருந்தால் சாகும்வரை ஒருவரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. அப்புறம் அடைத்துக்கொண்டால் பழி என் தலையில் அல்லது அந்தப் பழைய குழாயின் தலையில்தான் விழுந்திருக்கும். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் சொன்னார்.

நீலம் உள்ளே போயிருந்தால் இந்த வெள்ளையை வைத்தது யார் என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, வாசற்படியில் நின்றிருந்த செல்வநாயகி சொன்னார்.

"நாந்தானுங்க வெச்சேன். காலைல பார்த்தா ஓட்டை தெறந்து கெடந்துச்சுங்க. கரப்பான் பூச்சி வருதேன்னு கைல கெடச்சதை எடுத்து அடைச்சுப்போட்டேன். உள்ள ஒண்ணு போயிருக்கும்னு எனக்குத் தோணலீங்க. தப்பு என்னோடதுதானுங்க."

இல்லை, இறுக்கமாக அடைக்காமல் விட்டது தன் தப்பு என்று மேஸ்திரி சொன்னார். ஓட்டையைப் பார்த்தவுடன் கேட்டிருக்க வேண்டியது தான்தான் என்று செல்வநாயகி சொன்னார். இப்படி ஒரு சண்டையை நான் கண்டதே இல்லை. நம் தொழிலில் ஒன்று கெட்டால் முதல் ஒரு மணி நேரம் யாரால் கெட்டது என்று தேடுவதில் போகும். கொத்தனார் பிளம்பரைச் சொல்வார், பிளம்பர் கடைக்காரரைச் சொல்வார், வீட்டுக்காரர் எல்லோரையும் சொல்வார். அன்று ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்க, அந்த ஒரு மணி நேரத்தை இவர்கள் இரண்டு பேரும் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தார்கள். உண்மை பேசினால் புண்ணியம் என்பார்கள். எனக்குப் புண்ணியக் கணக்கு தெரியாது. வேலை சீக்கிரம் ஆகும், அது தெரியும்.

தண்ணீர் போனதே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பனியன் துணி வழியாகத் தண்ணீர் போகும். காபி வடிகட்டியில் போவது போல. மற்றது தங்கும். இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து, அந்தப் பெரியவர் கைத்தாங்கலாக நிற்கும்போது எல்லாம் மேலே ஏறி வரும். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போவாரா? சோற்றில் கை வைப்பாரா? 

முனை வளைத்த கம்பியை விட்டுப் பார்த்தேன். வளைவுக்குப் பக்கத்தில் ஏதோ மாட்டியது. இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பப் போனது. அப்போது செல்வநாயகி மேஸ்திரியிடம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி. வைத்தது எந்த மூட்டைத் துணி? இடது பக்கத்து மூட்டை என்றார் அவர். கக்கூஸ் குழாய்க்குள் இருப்பது என்ன ரகத் துணி என்று விசாரிக்கும் ஊர் பூமியில் இது ஒன்றுதான் இருக்கும்.

"அப்பிடின்னா இழுக்காதீங்கண்ணா," என்றார். "அது சன்னமான ஜெர்சிங்க. நீண்டுட்டே வந்து பட்டுனு அந்துபோகும். பாதி உள்ளயே நின்னுக்கும்."

வெளியே சேம்பர் பக்கமிருந்து கம்பு விட்டுத் தள்ளலாம். ஆனால் அது பழைய மண் குழாய். ஒரு குத்து தப்பாகப் பட்டால் விரிசல் விட்டுவிடும். அப்புறம் வீட்டையே தோண்ட வேண்டும். மேலே இருந்து கையை விட்டு எடுப்பதுதான் வழி. கையை விட்டேன். முழங்கைக்கு மேல் போகவில்லை. மேஸ்திரி அழகுக்காக இறுக்கமாக வெட்டிய வட்டம் என் கையைப் பிடித்துக்கொண்டது. வாயை அகலப்படுத்தாமல் எட்டாது.

நான் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டேன். உடைக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அந்த டைல்ஸில் மிச்சம் ஒன்றுகூட இல்லை. கடையில் அதே நிறம் மறுபடி கிடைக்காது, அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அதுவும் முந்தின நாள் சாயங்காலம்தான் மேஸ்திரி அந்தத் தரையைக் கழுவித் துடைத்து, போட்டோ எடுத்துத் தன் மனைவிக்கு அனுப்பியிருந்தார். பிள்ளையைப் பெற்றவனிடம் போய் அந்தப் பிள்ளையின் கையை உடை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மேஸ்திரியே வெட்டும் மெஷினைப் பையிலிருந்து திரும்ப எடுத்தார். "எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

பின்பக்கம் என்றேன். கோப்பையின் கால் ஊன்றும் இடமும் திருகு இறங்கும் இடமும் அசையவே கூடாது, வயதானவர் எடை அங்கேதான் இறங்கும் என்றேன். தலையாட்டினார். சுவரை ஒட்டிய பக்கத்தில் கோடு போட்டுத் தன் தரையைத் தானே வெட்டினார். சுத்தியலால் போட்டு உடைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் அதிர்ச்சியில் பக்கத்து டைல்ஸ் கிளம்பியிருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். ஆம்புலன்ஸ் அவிநாசி தாண்டிவிட்டது என்று போன் வந்தபோதும் அவர் கை வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை. ஒட்டும்போது எவ்வளவு பக்குவமாக ஒட்டினாரோ அதே பக்குவத்தோடு எடுத்தார். நல்லதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். செய்ததை அதே மரியாதையோடு கலைக்கத் தெரிந்த ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவரைவிட நான் வயதில் மூத்தவன், இருந்தாலும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

இப்போது என் கை எட்டியது. இழுக்கவில்லை. விரல்களால் பற்றி, கயிறு திரிப்பது போல ஒரே பக்கமாகத் திருகினேன். சுருண்டு ஒல்லியாகி, உள்ளே ஒட்டியிருந்த கலவைத் துணுக்குகளோடு மெல்ல வெளியே வந்தது. நீலம்தான். செல்வநாயகி அதை வெறுங்கையால் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் விரித்து நான்கு ஓரத்தையும் பார்த்தார். கிழிந்து உள்ளே எதுவும் தங்கவில்லை, முழுசாக இருக்கிறது என்றார். செக்கிங்காரர் சொன்னால் சரிதான்.

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பெரியவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து உள்ளறைக் கட்டிலில் கிடத்தினார்கள். உயரமான ஆள், இளைத்துப்போயிருந்தார். எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். சிறிது நேரத்திலேயே அவர் முகம் மாறியது. செல்வநாயகி மெதுவான குரலில், பெட்பேன் எடுத்து வரட்டுமா என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அப்புறம் நான் வேலை செய்ததை நீங்கள் வீடியோ எடுத்திருக்க வேண்டும். தரை உயர்ந்த அளவுக்கு இணைப்புத் துண்டு வைத்தேன். அவசரமென்று அந்த இடைவெளியைச் சிமெண்ட் அப்பி ஏமாற்றவில்லை. அப்படி ஏமாற்ற ஒரு நிமிடம் கை துடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வெட்டிய இடத்தை மேஸ்திரி சீக்கிரம் இறுகும் கலவை போட்டு நிரப்பி, அதன் மேல் வேறு யாரோ வீட்டில் மிஞ்சியதாகத் தன் பையில் கிடந்த ஒரு டைல்ஸ் துண்டை வெட்டிப் பதித்தார். சாம்பல் நிறத் தரையில் அது பழுப்பாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதை அவர் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

கோப்பையை உட்கார வைத்துத் திருகை இறக்கியதும் தண்ணீர் மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடவில்லை. பழைய பேப்பரை நனைத்து உருண்டை பிடித்துப் போட்டு, தண்ணீரை விட்டேன். வெளியே சேம்பர் அருகில் மேஸ்திரி குனிந்து நின்றார். "வந்துட்டு அண்ணாச்சி," என்றார். மறுபடி போட்டேன். "இதும் வந்துட்டு." கோப்பையின் மேல் நானே என் முழு எடையோடு உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

பெரியவரை எழுப்பினார்கள். மகன் ஒரு பக்கம் தாங்க, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தார். உள்ளே போய் உட்காரும்வரை மகன் கூட இருந்துவிட்டு வெளியே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. அடுத்து உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

உள்ளே தாழ் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். செல்வநாயகி கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். மகனும் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, செல்வநாயகி தூக்கிய கையைக் கணவரின் தோளில் வைத்து அவரை நிறுத்தினார். சத்தம் போடாமல் எங்களை எல்லாம் முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அன்று நடந்ததிலேயே பெரிய முடிவு அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். டைல்ஸை வெட்ட ஒரு தைரியம் வேண்டும். அந்தக் கதவைத் தட்டாமல் இருக்க அதைவிட அதிகம் வேண்டும்.

நாங்கள் பனியன் மூட்டைகளுக்கு நடுவில் நின்றோம்.  வெகுநேரம் கழித்துத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. மேஸ்திரி விறுவிறுவென்று சேம்பர் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் தலையாட்டினார். தாழ்ப்பாள் திறந்தது. மகன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் வாக்கரை ஊன்றி நின்றார். முகம் கழுவியிருந்தார், நெற்றியில் தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்து மருமகளை நேராகப் பார்த்தார்.

"பசிக்குது கண்ணு," என்றார். "சோறு ஆக்கியிருக்குதா?"

"இருக்குதுங்க மாமா," என்று சொல்லிவிட்டுச் செல்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குள் ஓடினார். பாத்திரச் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.